நன்னூல் நோக்கில் கற்பித்தல் கருவிகள்: ரிஷிவேலி அட்டை முதல் கையடக்கக் கணினி வரை

முன்னுரை

பள்ளிக்கல்வியில் தொழில்நுட்பம் புகுந்தது குறித்துத் தமிழில் வெளிவரும் எழுத்துகளைப் பெரும்பாலும் இரண்டு வகையுள் அடக்கலாம். கருவி வந்தமையால் கல்வி வளர்ந்தது என்பது ஒன்று. ஆசிரியரின் இடம் அழிந்தது என்பது மற்றொன்று. இரண்டும் கருவியை ஒரு பொருளாகக் காண்கின்றனவே அன்றி, ஒரு நூலாகக் காண்பதில்லை. எதனை முன் வைப்பது, எதனைப் பின் வைப்பது, எவ்வளவு சொல்வது, யாருக்குச் சொல்வது என்னும் முடிவுகளின் தொகுதியே நூல் எனின், கற்றல் அட்டையும் காணொளிப் பாடமும் கைப்பேசிச் செயலியும் நூல்களே ஆகும். ஆதலின் அவற்றை நூலுக்குரிய இலக்கணம் கொண்டு திறனாய்தல் தகும். அத்தகைய இலக்கணம் ஒன்றைப் பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் வகுத்துத் தந்துள்ளார். அதனை அளவுகோலாகக் கொண்டு, சித்தூர் வட்டாரத்தில் தோன்றித் தமிழ்நாட்டிற்குப் பரவிய அட்டைவழிக் கற்றலையும், அண்மையில் ஆந்திரப் பள்ளிகளை அடைந்த கையடக்கக் கணினியையும் ஒப்பிட்டு நோக்க இக்கட்டுரை முற்படுகிறது.

பொதுப்பாயிரம் தரும் அளவுகோல்

நன்னூலின் பொதுப்பாயிரம் நூலின் இயல்பு, ஆசிரியன் இயல்பு, பாடம் சொல்லும் இயல்பு, மாணாக்கன் இயல்பு, பாடம் கேட்கும் இயல்பு என ஐந்தினை விரிக்கிறது. இவற்றுள் நம் ஆய்வுக்கு இன்றியமையாதன மூன்று.

முதலாவது, பாடம் சொல்லும் முறை. சொல்லப்படும் பொருளை முன்னரே உள்ளத்துள் ஒழுங்குபடுத்திக் கொள்ளுதல், விரையாமை, வெகுளாமை, கொள்வோன் எவ்வாறு கொள்வான் என்பதை அறிதல், அவன் உள்ளம் ஏற்குமாறு கொடுத்தல் என்பன பவணந்தியார் கூறும் கூறுகள். இங்கே பாடத்தின் அளவை முடிவு செய்பவன் கொடுப்பவன் அல்லன், கொள்பவன்.

இரண்டாவது, கல்வி நிறைவுறும் படிநிலை. ஒரு முறைக்கு இரு முறை கேட்பின் பிழை குறையும். மூன்றாம் முறை கேட்பின் பாடத்தின் முறைமை விளங்கும். அவ்வாறு கேட்டவனும் ஆசிரியனிடமிருந்து பெறுவது நான்கில் ஒரு பங்கே என்கிறது நன்னூல். மற்றொரு பங்கு உடன் பயில்வாரோடு பழகுவதால் வருவது. எஞ்சிய இரண்டு பங்கும் தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால் வருவன. ஆசிரியரை மிக உயர்ந்த இடத்தில் வைத்துப் போற்றிய ஒரு மரபு, அவர் வாயிலாக வரும் கல்வியைக் கால் பங்கு என மதிப்பிட்டிருப்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது.

மூன்றாவது, ஆசிரியன் ஆகாதவனுக்குக் கூறப்பட்ட நான்கு உவமைகள். கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்னும் இந்நான்கும் கொடுப்பதில் நேரும் நால்வகைப் பிழைகளைச் சுட்டுவன. இட்ட முறையில் அன்றி மாறித் தருவது முதலது. தானாக விழுந்தால் அன்றி அணுகிப் பெற இயலாதது இரண்டாவது. அரிதின் திணிக்கப்பட்டு, எளிதில் வெளிவராதது மூன்றாவது. நீர் வார்த்துப் பேணியவர்க்கன்றி வேற்றார்க்குப் பயன் தருவது நான்காவது. இவை ஆசிரியனுக்கு உரைக்கப்பட்டவை ஆயினும், கொடுக்கும் கருவி எதற்கும் பொருந்தும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

நன்னூலின் எல்லையையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். பாடம் சொல்லத் தகாதோர் பட்டியலில் சோம்பலுடையோன், துயில்வோன் ஆகியோருடன் மந்தனும் இடம் பெறுகிறான். கற்பதில் பின்தங்கியவனை விலக்கும் உரிமை பழைய ஆசிரியனுக்கு இருந்தது. இக்காலப் பொதுப்பள்ளிக்கு அவ்வுரிமை இல்லை. அவனிடமிருந்துதான் அப்பள்ளி தொடங்குதல் வேண்டும். ஆதலின் பவணந்தியாரின் கற்றல் முறையை ஏற்கும் நாம், அவர்தம் மாணாக்கர் தேர்வை ஏற்பதற்கில்லை.

ரிஷிவேலியின் அட்டையும் ஏணியும்

மதனப்பள்ளிக்கு அருகே அமைந்த ரிஷிவேலி, 2022ஆம் ஆண்டு ஆந்திர மாவட்டங்கள் மறுபகுப்புச் செய்யப்படும் வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மதனப்பள்ளியில் 1895இல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியின் கல்விச் சிந்தனையை அடியொற்றி நடைபெறும் உறைவிடப் பள்ளி அங்குள்ளது. அப்பள்ளியின் ஊரகக் கல்வி மையத்தில் 1980களின் பிற்பகுதி தொடங்கி ஒய்.ஏ. பத்மநாப ராவும் அ. ரமாவும் சுற்றுப்புறச் சிற்றூர்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்கென ஒரு கற்பித்தல் முறையை உருவாக்கினர். பல வகுப்புக் குழந்தைகள் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம் பயில வேண்டிய சூழல் அது. ஆடு மாடு மேய்க்கவும் அறுவடைக்கும் சென்ற குழந்தை சில நாள்கள் கழித்துத் திரும்பும்போது பாடநூல் பல பக்கங்கள் கடந்திருக்கும். அக்குழந்தை பின்தங்கியதற்குக் காரணம் அறிவின்மை அன்று, நூலின் அமைப்பே.

அவர்கள் செய்த மாற்றம் எளியது. பாடநூலைத் தனித்தனி அட்டைகளாகப் பிரித்தனர். அட்டைகளை ஒரு கற்றல் ஏணியில் படிப்படியாக நிறுத்தினர். அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு, குறைதீர் பயிற்சி, வளமூட்டல் எனப் படிகள் அமைந்தன. அட்டைதோறும் ஒரு சின்னம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையும் சின்னத்தைக் கண்டு தன் இடத்தை அறியும். விட்ட இடத்திலிருந்து தொடரும். பெட்டிக்குள் ஒரு பள்ளி என அழைக்கப்பட்ட இம்முறைக்கு மின்சாரம் வேண்டா. ஆயினும் இது தொழில்நுட்பமே. தாளும் மையும் சின்னமும் வரிசையும் சேர்ந்து இயங்கும் ஒரு பொறி இது எனலாம்.

நன்னூல் நோக்கில் இதன் சிறப்பு முறைவைப்பில் உள்ளது. கட்டிய நூலில் வரிசை ஒன்றே. அது ஆசிரியனின் வரிசை. ஏணியில் வரிசை ஆசிரியனுடையது, விரைவு மாணாக்கனுடையது. கொள்வோன் கொள்ளும் வகை அறிந்து கொடுத்தல் என்பதைத் தனியொரு ஆசிரியர் முப்பது குழந்தைகளுக்கும் ஒருங்கே செய்தல் அரிது. அக்கடமையின் ஒரு பகுதியைக் கருவி ஏற்றுக் கொண்டது. விலக்கப்பட்ட மந்தனுக்கும் நூலில் ஓர் இடம் கிடைத்தது.

தமிழுக்கு வந்த ஏணி

சென்னை மாநகராட்சி ஆணையராக எம்.பி. விஜயகுமார் இருந்தபோது, 2003இல் மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் இம்முறை தொடங்கப் பெற்றது. ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குச் சென்று பயிற்சி பெற்றனர். தமிழுக்குரிய அட்டைகளைத் தாமே ஆக்கினர். செயல்வழிக் கற்றல் என்னும் பெயரோடு 2007இல் அது தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிவு பெற்றது. குழந்தைகள் பாயில் வட்டமாக அமர்ந்தனர். அவர்தம் உயரத்திற்கு ஏற்பச் சுவரில் தாழ்மட்டக் கரும்பலகைகள் அமைந்தன.

இம்முறையில் குழந்தைகள் அமரும் குழுக்களின் வகைப்பாடு தமிழ் ஆய்வாளர் கருதற்பாலது. ஆசிரியரின் முழு உதவி பெறுவோர், பகுதி உதவி பெறுவோர், உடன் பயில்வோரின் முழு உதவி பெறுவோர், அவர்தம் பகுதி உதவி பெறுவோர், தாமே கற்போர், மதிப்பீட்டுக்கு உரியோர் என ஆறு குழுக்கள். ஆசிரியர், உடன் பயில்வார், தான் என்னும் மூன்று வாயில்களும் இவ்வமைப்பில் தெளிவாகப் பிரிக்கப்பட்டுள்ளன. உதவி பெறும் குழந்தைக்கு எதிரே உதவி செய்யும் குழந்தை ஒன்று இருத்தலின், எடுத்துரைப்பதால் வரும் இரண்டு பங்கிற்கும் இதில் வழி உண்டு. இவ்வமைப்பை உருவாக்கியோர் நன்னூலைக் கண்டு செய்தனர் என்று நாம் கூறவில்லை. கற்றலைக் கூர்ந்து நோக்கிய இரு வேறு காலத்தார் ஒரே உண்மையை அடைந்தனர் என்பதே கருத்து.

எனினும் தமிழ் அட்டைகள் விவாதத்திற்கு அப்பாற்பட்டவை அல்ல. ட, ப போன்ற எளிய கோட்டு வடிவுடைய எழுத்துகளை முன்னிறுத்தித் தொடங்கும் வழக்கம் இவ்வட்டைகளில் பின்பற்றப்பட்டது. சிறப்பும் இனமும் நோக்கி அகரம் முதலாக எழுத்துகள் நிற்கும் முறையை இலக்கணம் கூறும். இது மரபை மீறிய செயல் என வருந்தியோர் உண்டு. இவ்விரு வரிசைகளும் முரண்படுவன அல்ல என்பது நம் கருத்து. இலக்கணத்தின் வரிசை மொழியின் அமைப்பை விளக்க வந்தது. அட்டையின் வரிசை குழந்தையின் கைக்கு வசப்படுவதை நோக்கியது. முன்னது நூலின் முறை. பின்னது கொள்வோன் கொள்ளும் முறை. குழந்தை கையெழுத்தில் தேர்ந்த பின் நெடுங்கணக்கின் ஒழுங்கை அறிய ஏணியில் ஒரு படி உள்ளதா என்பதே கேட்கத்தக்க வினா. ஏணி ஏறியவன் வீட்டின் அமைப்பையும் காணுதல் வேண்டும்.

மற்றொரு குறையும் உண்டு. அட்டை எடுத்தல், வைத்தல், குறித்தல் என்னும் செயல்களே வகுப்பின் நடப்பாகிவிடின், உடன் பயில்வார் உரையாடல் சடங்காகச் சுருங்கிவிடும். இதற்கு வரலாற்றில் முன்சான்று உள்ளது. திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குக் கற்பித்ததையும், மணலில் விரலால் எழுதிப் பழகும் வழக்கத்தையும் ஆண்ட்ரூ பெல் சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் விடுதிப் பள்ளியில் கைக்கொண்டார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழி அது மதராஸ் முறை எனப் பெயர் பெற்றுப் பரவியது. ஆனால் அங்கு அது ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரைக் குறைந்த செலவில் பயிற்றும் உத்தியாக மதிக்கப்பட்டது. பிறர்க்கு எடுத்துரைப்பவன் தானும் கற்கிறான் என்னும் உட்பொருள் பின்னுக்குச் சென்றது. ஒரு கற்பித்தல் முறை இடம் பெயரும்போது வடிவம் முழுமையாகச் செல்கிறது. கருத்து வழியில் உதிர்ந்துவிடுகிறது.

கையடக்கக் கணினியும் நான்கு உவமைகளும்

ஆந்திர அரசு 2022 டிசம்பரில் எட்டாம் வகுப்பு மாணவர்க்கும் ஆசிரியர்க்குமாக ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட கையடக்கக் கணினிகளை வழங்கத் தொடங்கியது. பைஜூஸ் நிறுவனத்தின் பாடங்கள் அவற்றில் பதியப் பெற்றிருந்தன. அதற்கு முன்பே 2017இல் நடுவணரசின் தீக்‌ஷா தளம் தொடங்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது இவையே கல்விக்கு வாயில்களாயின.

இக்கருவிகளின் பயனை மறுத்தல் நேர்மை ஆகாது. பதிவு செய்யப்பட்ட பாடம் மும்முறை கேட்கப்படலாம். மீண்டும் சொல்லுங்கள் எனக் கேட்க நாணும் குழந்தைக்கு இஃது அரிய வாய்ப்பு. கூறியது கூறல் நூலுக்குக் குற்றம், பயிற்சிக்குக் குணம். இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்டலின் பயனைப் பவணந்தியார் வலியுறுத்தியது இங்குக் கைகூடுகிறது. ஆயின் மும்முறை கேட்டும் கிடைப்பது கால் பங்கே என்பதையும் அவரே கூறியுள்ளார். தனித்தனித் திரையை நோக்கி அமர்ந்த குழந்தைகளுக்கு எஞ்சிய முக்காற் பங்கு எங்கிருந்து வரும் என்பதே திறனாய்வாளன் எழுப்பும் முதல் வினா.

அடுத்து, நான்கு உவமைகளைப் பொருத்திக் காணலாம்.

கழற்குடம்: ஆயிரம் காணொளிகளை உள்ளடக்கிய தளத்தில் குழந்தை தேடுகிறது, முன்னது பின்னதாகவும் பின்னது முன்னதாகவும் கிடைக்கின்றன. உள்ளடக்கம் மிகுதி, முறைவைப்பு இல்லை. மயங்க வைத்தல், மற்றொன்று விரித்தல் என நன்னூல் கூறும் குற்றங்கள் இங்கு நேர்கின்றன.

மடற்பனை: திருமலையில் தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியரின் கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயிலகத்தே காக்கப்பட்டன. அழியாமைக்குச் செம்பினும் சிறந்த ஊடகம் அக்காலத்தில் இல்லை. ஆயினும் அவை நெடுங்காலம் பயில்வாரின்றிக் கிடந்தன. இருபதாம் நூற்றாண்டில் அறிஞர்கள் படித்துப் பதிப்பித்த பின்னரே பரவலாகப் பாடப்பட்டன. சேமிப்பு வேறு, கல்வி வேறு என்பதற்குத் திருப்பதியே சான்று தருகிறது. மின்கலமும் இணைப்பும் உரிமமும் இருந்தால் மட்டும் திறக்கும் பாடம் இத்தகையதே. பைஜூஸ் நிறுவனத்தின்மீது 2024 சூலையில் நொடிப்புநிலை நடவடிக்கை தொடங்கியது. பொதுப்பள்ளியின் பாடம் தனியொரு நிறுவனத்தின் வாழ்வோடு பிணைக்கப்படுதல் நின்று பயன் இன்மை என்னும் குற்றத்திற்கு இடம் தருவதாகும்.

பருத்திக் குண்டிகை: ஓராண்டுப் பாடம் முழுவதையும் கருவியில் திணித்தல் எளிது. அதனைக் குழந்தையின் வினாவிற்கு ஏற்பச் சிறிது சிறிதாக வெளிக்கொணரப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். ஆசிரியர்க்குரிய பயிற்சி கருவிக்குப் பின் வருமாயின், குண்டிகை நிறைந்தே இருக்கும். வகுப்பு வெறுமையாக இருக்கும்.

முடத்தெங்கு: குழந்தை அளிக்கும் ஒவ்வொரு விடையும் தரவாகிறது. அத்தரவு அக்குழந்தையின் ஆசிரியர்க்கு மறுநாள் வகுப்பில் பயன்படுகிறதா, அன்றித் தொலைவிலுள்ள அலுவலகத்தின் அறிக்கைக்கு மட்டும் பயன்படுகிறதா? வேரில் நீர் வார்த்தவர் வகுப்பறையினர். காய் விழுவது வேறொருவர் முற்றத்தில்.

எல்லைப்புறத் தமிழ்க் குழந்தை

இவ்வளவுகோலின் தேவை சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் தமிழ்வழிப் பள்ளிகளில் கூர்மை அடைகிறது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனைச் சேர்ந்தது. படாஸ்கர் பரிந்துரைப்படி 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடும் சத்தியவேடு பகுதி ஆந்திரத்தோடும் இணைந்தன. கோடு இடப்பட்டது, இருமொழி வாழ்க்கை கோட்டின் இருபுறமும் தொடர்ந்தது. ஆந்திர அரசு 2019 நவம்பரில் தொடக்க வகுப்புகளில் ஆங்கிலவழியைக் கட்டாயமாக்கி, தெலுங்கு அல்லது உருதுவைப் பாடமாக அறிவித்தது. 2020 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. அவ்வாணையின் சொற்களுள் தமிழ் இல்லை என்பதை எல்லைப்புறத்தார் மறந்திருக்க மாட்டார்.

கல்வித் தொலைக்காட்சியின் பாடம் எல்லையைக் கடந்து சித்தூர் வீட்டிற்கும் வரும். ஆனால் பாடத்திட்டம் வராது. தமிழில் ஆக்கப்பட்ட செயல்வழிக் கற்றல் அட்டைகளும், 2022இல் தமிழ்நாடு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்னும் படிநிலைகளும் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கென அமைந்தவை. சித்தூர் மண்ணில் ஊன்றிய தென்னை எல்லைக்கு அப்பால் சாய்ந்து காய்த்தது. அதன் நிழலில் பிறந்த தமிழ்க் குழந்தையை நோக்கி அது நிமிர்தல் வேண்டும்.

அக்குழந்தைக்குத் தமிழ்நாட்டுக் கருவியை அப்படியே நகலெடுத்துத் தருவதும் போதாது. பழம் என்பதனைப் பளம் என ஒரு குழந்தை எழுதுகிறது எனக் கொள்வோம். செயலி அதனைத் தவறு எனக் குறித்துவிடும். அக்குழந்தை ழகர ஒலியைச் செவியால் அறியாததா, ஒலியை அறிந்தும் வரிவடிவை மறந்ததா என்பதைச் செயலி அறியாது. இக்காலத் தெலுங்கில் ழகரம் இல்லை. தெலுங்குச் சூழலில் வளரும் குழந்தைக்கு முதற்காரணமே பொருந்தக்கூடும். அவ்வாறே, தெலுங்கில் ககர வருக்கத்தின் வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் தனித்தனி எழுத்து உண்டு. அதனைக் கற்ற குழந்தை, தமிழில் ஒரே ககரம் இடத்திற்கேற்ப வேறு ஒலியில் வருவதைக் கண்டு தயங்கும். இத்தயக்கம் பிழை அன்று. இரண்டு எழுத்து முறைகளை ஒப்பிடும் அறிவின் அடையாளம். இதனை உணர்ந்து அதற்கென ஒரு படியை அமைக்கும் ஏணியே அக்குழந்தைக்கு உரிய ஏணி. அதனை அமைக்கப் பொறியாளர் போதார். இருமொழி இலக்கணம் அறிந்தோர் வேண்டும்.

இப்பணிக்குரிய அறிவு நம் துறைகளில் உள்ளது. திருவேங்கடவன் பல்கலைக்கழகம் 1954இலும், குப்பம் திராவிடப் பல்கலைக்கழகம் 1997இலும் நிறுவப் பெற்றவை. ஒப்பிலக்கணத்திற்குப் பயன்பட்ட தமிழ், தெலுங்குப் புலமை, முதல் வகுப்பு அட்டை ஒன்றை ஆக்குவதற்குப் பயன்படுதல் இழிவன்று. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001இலேயே தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் தமிழரை நோக்கி இணையவழிப் பாடங்களைத் தொடங்கியது. அவ்வழி எல்லைப்புறத்திற்கும் பொருந்தும். ஆந்திரப் பாடநூல்கள் ஆங்கிலத்தையும் தெலுங்கையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டு வெளிவந்துள்ளன. தமிழுக்கும் அவ்வமைப்பை வேண்டுவது மிகையான கோரிக்கை அன்று.

நிறைவாக

இவ்வாய்வால் பெறப்படுவன வருமாறு:

1. கற்பித்தல் கருவி ஒவ்வொன்றும் ஒரு நூல். அதன் தகுதி உள்ளடக்கத்தின் மிகுதியால் அன்று. முறைவைப்பாலும் கொள்வோனை அறியும் திறத்தாலும் அமைகிறது.

2. நன்னூலின் நாற்பங்குக் கோட்பாடு கருவிகளை அளக்கத் தக்க கோல். ஆசிரியர்க்குரிய கால் பங்கை மட்டும் பெருக்கும் கருவி, எஞ்சிய முக்காற் பங்கைக் குறைக்காதிருத்தல் வேண்டும்.

3. ரிஷிவேலி அட்டை கையடக்கக் கணினியினும் எளிய பொருள் ஆயினும், கற்றலின் படிநிலையை அறிந்து அமைந்தமையால் அதனினும் முதிர்ந்த தொழில்நுட்பம் எனலாம்.

4. எல்லைப்புறத் தமிழ்க் குழந்தைக்குரிய ஏணியை இருமொழிப் புலமையின் துணைகொண்டு ஆக்குதல் தமிழ்த்துறைகளின் கடமை.

பவணந்தியாரை நூல் செய்யத் தூண்டிய சீயகங்கன், சித்தூரை அடுத்த கோலாரைப் பெருமைக்குரிய ஊராகக் கொண்ட கங்கர் மரபினன். பல மொழிகள் கூடும் நிலப்பகுதியோடு தொடர்புடைய ஒருவன் வேண்டத் தமிழுக்கு ஓர் இலக்கணம் கிடைத்தது. இன்று அப்பகுதியின் பள்ளிகளில் உள்ள குழந்தைகள் நம்மை நோக்கி வேண்டுவது அதனினும் சிறியது: தாம் விட்ட இடத்திலிருந்து தம் மொழியில் தொடர ஒரு படி.